சுட்டு

ஜாவாஸ்கிரிப்டின் 'ரெஃபரன்ஸ்' என்பதைக் 'குறிப்பு', 'மேற்கோள்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். 'சுட்டு' என்பதே சரியான சொல். அது விரல் நீட்டிக் காட்டுவதைச் சொல்வது. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. 'அது' என்னும் சொல்லுக்குள் பொருள் அடங்கியிருப்பதில்லை, பொருளை நோக்கிய திசைதான் இருக்கிறது. ஒரு நூல் ஆப்ஜெக்டும் அதன் ஆசிரியர் ஆப்ஜெக்டும் ஒன்றையொன்று சுட்டும்போது நடப்பதும் இதுவே. ஒன்றுக்குள் மற்றொன்று உண்மையிலேயே அடங்குமானால் இரண்டும் முடிவின்றிப் பெருக வேண்டும். நினைவகத்தில் இருப்பவையோ இரண்டே. இன்னும் பிறக்காததைச் சுட்ட முடியாது. ஆகவே முதலில் நூலை உருவாக்கி, அதைச் சுட்டும் ஆசிரியரை உருவாக்கி, பிறகே நூலில் ஆசிரியரைச் சேர்க்கிறோம். இந்த இணையை ஜேசன் எழுத்தாக மாற்றச் சொன்னால் பிழை எழுகிறது. ஜேசனில் சுட்டு கிடையாது, உள்ளடக்கம் மட்டுமே உண்டு.

சி மொழியின் பாயிண்டரைச் 'சுட்டி' என்கிறோமே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். வராது. சுட்டி என்பது சுட்டும் கருவி; முகவரியைக் கையில் தந்து கூட்டவும் கழிக்கவும் விடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் முகவரியைக் காட்டுவதே இல்லை. அங்கே இருப்பது சுட்டுதல் என்னும் உறவு மட்டும். சுட்டு என்ற முதனிலைத் தொழிற்பெயர் அதைத்தான் சொல்கிறது. நினைவக மேலாண்மையும் இதே உறவை நம்பியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, டாம் உறுப்புகளைச் சுட்டுகளின் எண்ணிக்கை பார்த்தே விடுவித்தது; அவற்றோடு வளையமிட்ட ஆப்ஜெக்டுகள் நினைவகத்தில் தேங்கின. இன்றைய எஞ்சின்கள் வேரிலிருந்து சுட்டுகளைப் பின்தொடர்ந்து சென்று, எட்டாதவற்றை நீக்குகின்றன.