ஐயம் இடித்த துறவு மடம்

உரோமைக்குத் தென்கிழக்கே, கசினோ நகருக்கு மேலே உயர்ந்து நிற்கும் குன்றில், ஏறத்தாழ கி.பி. 529-இல் பெனடிக்ட் எனப்படும் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவு மடத்தை நிறுவினார். மேலைத் திருச்சபையின் துறவற வாழ்வுக்கு அடித்தளமான ஒழுங்குகளை அவர் வகுத்ததும் அங்கேதான்.

1944-இன் தொடக்கத்தில் உரோமையை நோக்கி வந்த நேசநாட்டுப் படைகள் அம்மலையடியில் தடைபட்டு நின்றன. செருமானியர் சரிவுகளில் பதுங்கியிருந்தனர். கீழே மடிந்துகொண்டிருந்த வீரர்களுக்கோ, மடத்தின் சாளரங்களே பகைவரின் கண்களாகத் தோன்றின. மலையேற வேண்டியிருந்த நான்காம் இந்தியப் படைப்பிரிவின் தளபதி டூக்கர், மடத்தைத் தகர்க்குமாறு கோரினார். நியூசிலாந்துத் தளபதி ஃப்ரேபர்க் அதை வற்புறுத்த, மேல்தளபதி அலெக்சாந்தர் இசைந்தார்.

பிப்ரவரி 15 அன்று 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. மடம் இடிந்து தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்தவர்கள் செருமானிய வீரர்கள் அல்லர்; ஒருசில துறவியரும், அடைக்கலம் புகுந்த எளிய மக்களுமே. அம்மக்களுள் மாண்டவர் பலர். எண்பதை நெருங்கிய ஆதீனத் தலைவர் கிரகோரியோ தியாமரே, மரச்சிலுவையை ஏந்தியவாறு, எஞ்சியோரை அழைத்துக்கொண்டு மலையிறங்கினார்.

இத்தனை அழிவால் விளைந்த பயன் யாது? குண்டுவீச்சைத் தொடர்ந்து உடனே பெருந்தாக்குதல் நடத்தக் காலாட்படை ஆயத்தமாக இல்லை. இடிபாடுகளுள் செருமானியர் குடிபுகுந்தனர். நொறுங்கிய சுவர்களே அவர்களுக்கு அரணாயின. இல்லாத கோட்டையைத் தகர்க்க எண்ணியவர்கள், உண்மையான கோட்டை ஒன்றைக் கட்டிக்கொடுத்துவிட்டனர்! மே 18 அன்றுதான் போலந்து வீரர்கள் அவ்விடிபாடுகளை அடைந்தனர். இடைப்பட்ட மூன்று மாதங்களில் மடிந்த உயிர்கள் பல்லாயிரம்.

அத்தளபதிகளைக் கொடியவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. தம் வீரர்களின் உயிரைக் காக்கவே அவர்கள் விரும்பினர். ஆயினும் அச்சம் ஐயமாகி, ஐயம் தீர்ப்பாகிவிட்டது. நம் இல்லங்களிலும் பங்குகளிலும் நிகழ்வது இதுவே அன்றோ? ஒருவரைப் பகைவர் என ஐயுறுகிறோம். ஆராயாமல் சொல்லால் தாக்குகிறோம். அதுவரை பகையே இல்லாதிருந்த உள்ளத்தில் பகை குடியேறிவிடுகிறது. பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என ஆண்டவர் எச்சரித்ததன் ஆழம் அப்போதுதான் நமக்குப் புரிகிறது.

மடம் மீண்டும் கட்டப்பட்டது. 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் ஆலயத்தை அருட்பொழிவு செய்து, புனித ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். கற்கள் மீண்டும் எழுந்தன, மாண்டவரோ மீளவில்லை. நாவை அடக்க, கையை ஓங்காதிருக்க, ஐயம் எழும் நேரமே ஏற்ற நேரம்.