ஒரு செயல், இரண்டு கணக்கு: மஸ்கெலியாவிலிருந்து பார்க்கும் காலத் திருத்தங்கள்

நாட்காட்டிச் சீர்திருத்தம் பற்றிய பேச்சைப் பாப்பரசர் 13ஆம் கிரகரியில் தொடங்குவது வழக்கம். யூலியன் ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நிமிடம் நீளம். அப்படிச் சேர்ந்த பிசகைக் கழிக்க, 1582 ஒக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்றார்கள். வானத்தோடு முரண்படுவது பிழை, பொருந்துவது திருத்தம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் நமக்குள் ஊறியிருக்கிறது. இலங்கையின் இரண்டு சீர்திருத்தங்களை மலையகத் தேயிலை ஊரான மஸ்கெலியாவில் நின்று பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. கணக்கு நகர்வதால் மட்டும் கெடுதல் வருவதில்லை. ஒரே செயலை இரண்டு கணக்குகள் பிடித்து இழுக்கும்போதே வருகிறது.

முதலாவது, போயா வாரம். டட்லி சேனநாயக்க அரசு 1965இல் இயற்றிய விடுமுறைச் சட்டத்தின்படி, 1966 ஜனவரி முதல் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போயாவுக்கு மாறியது. அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமி என மாதத்துக்கு நான்கு போயா. அதற்கு முந்தைய நாள் அரைநாள் வேலை. மதச் சார்பான, அறிவியலுக்கு ஒவ்வாத ஏற்பாடு என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. மதச் சார்பு உண்மை, மற்றது சரியல்ல. வானோடு ஒட்டிப் பார்த்தால் ஏழு நாள் வாரத்துக்குத்தான் ஆதாரம் கிடையாது. போயா வாரமோ சந்திரனை விட்டு அணுவளவும் விலகாதது.

விலகாததே அதன் தொல்லை. சந்திர மாதம் சராசரி 29.53 நாள், நான்கால் வகுத்தால் 7.38. ஆகவே ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு. ஆண்டுக்கு 52 ஞாயிறு இருந்த இடத்தில் போயா 49 அல்லது 50தான் வரும். ஓய்வு நாள் திங்களில் விழும், புதனில் விழும், சனியில் விழும். தோட்டத்துச் செக்ரோலும் (வருகைப் பதிவேடு) சம்பள நாளும் ஆங்கில மாதத்தில் ஓட, நாட்டின் ஓய்வு நிலவோடு ஓடியது. புதன்கிழமை போயா என்றால் லண்டன் திறந்திருக்கக் கொழும்பு பூட்டியிருக்கும்; ஞாயிறன்று கொழும்பு திறந்திருக்க லண்டன் பூட்டியிருக்கும். 1883 முதல் ஏலத்தில் தேயிலை விற்றுக் கப்பலேற்றிப் பழகிய ஊருக்கு இது கட்டுப்படியாகுமா? 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஞாயிறை மீட்டது. பூரணை போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. (மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை விழுங்கியதும் இதே ஆண்டுகளில்தான். இருந்த இடமும் வாரமும் ஒருசேரப் பெயர்ந்த காலம் அது.)

இரண்டாவது திருத்தத்தில் அந்த நீர்த்தேக்கத்துக்கே பங்குண்டு. 1996இல் மழை பொய்த்து, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு தவித்தது. காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் ஊட்டும் லக்சபான நிலையங்கள் அந்த மின்சாரத்தின் பழைய முதுகெலும்பு. அந்தி வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று, 1906 முதல் பெரும்பாலும் ஐந்தரை மணியாக இருந்த கிறீன்விச் வேறுபாட்டை மே 25 அன்று ஆறரையாக்கினார்கள். ஒக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைந்தது.

மஸ்கெலியா ஏறத்தாழ 80.6 பாகை கிழக்கில் இருக்கிறது. ஐந்தரை மணிக் கணக்கில் சராசரி உச்சிவேளை இங்கே 12:08க்கு வரும். அது 1:08 ஆகி, பின் 12:38 ஆனது. மே மாதக் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே எழும் சூரியன் ஏழுக்குச் சற்று முன் எழுந்தது. பெரட்டு (காலை வேலைப் பிரிப்பு) கூடுவது கடிகாரத்தில். கொழுந்து கண்ணுக்குத் தெரிவது வெயிலில். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் (நாள் சம்பளப் பதிவு) போய்விடலாம் என்பதால் இருட்டில் புறப்பட்டாக வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்கச் செய்த மாற்றம், மின்சாரமே எட்டாத தொழிலாளர் லயங்களுக்கும் பொருந்தியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடக்கு பழைய நேரத்தையே வைத்துக்கொண்டதால் ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது. பிள்ளைகள் இருளில் பள்ளிக்குப் போகிறார்கள் என்ற பெற்றோர் முறைப்பாடு ஓயவில்லை. 2006 ஏப்ரல் 15, புத்தாண்டுக்கு மறுநாள், கடிகாரம் ஐந்தரைக்குத் திரும்பியது.

இவற்றோடு, நகர்ந்துகொண்டே இருந்தும் யாரையும் உறுத்தாத கணக்குகளை ஒப்பிட வேண்டும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையில் முடிகிறது. ஆங்கிலத் தேதியில் அது ஆண்டுதோறும் பதினொரு நாள் பின்னேறும், பிறகு ஒரேயடியாக முன்னே தாவும். மலையடிவார நல்லதண்ணிக் கடைக்காரர் அதற்கேற்பப் பந்தல் போடுகிறார்; அங்கே யாத்திரையைக் கட்டுவது நிலவு ஒன்றுதான். சித்திரைப் புத்தாண்டும் அப்படியே. சூரிய சித்தாந்த ஆண்டு 365.2588 நாள், பருவ ஆண்டு 365.2422. அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிசகி, சம இரவு நாளிலிருந்து இன்று மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வேறுவேறாகச் சொல்கின்றன. கோயிலுக்குக் கோயில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்கள், வேலை நடக்கிறது. மேகநாத் சாகா குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு ஏற்ற சக நாட்காட்டி பருவத்தோடு துல்லியமாகப் பொருந்துவது. ஆனால் யாருடைய சம்பளமும் அதில் எழுதப்படவில்லை. அரசிதழில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

அப்படியானால் கிரகரியின் பத்து நாள்கள் தேவையற்ற வேலையா என்று கேட்கலாம். இல்லை. ஈஸ்டரை மார்ச் 21 என்ற ஏட்டுத் தேதியும், அதை விட்டு விலகிப்போன உண்மையான சம இரவு நாளும் ஒருங்கே கட்டின. திருச்சபைக்குச் சிக்கல் அங்கேதான் முளைத்தது. இருந்தும் வாரநாள் வரிசையில் அவர் கைவைக்கவில்லை: 1582இல் வியாழனுக்குப் பின் வெள்ளிதான் வந்தது. 1966இல் இலங்கை ஓய்வு நாளை அந்த வரிசையிலிருந்தே பிரித்துவிட்டது.

1971இன் சமரசமும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில வேளை பதின்மூன்று பூரணை வரும்; சராசரியாக ஏழில் ஒன்று ஞாயிற்றில் விழும். அந்த நாளை ஒரு விடுமுறையாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்ற கேள்வியை வானியலால் தீர்க்க முடியாது. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி அது.