வளைந்த படிகத்தால் நியூட்ரான் கற்றையைக் குவித்தல்

அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களில் ஒரே அலைநீளம் உள்ளவற்றைப் பிரித்து, அவற்றைச் சிறு மாதிரியின் மீது சேர்ப்பதற்கு வளைத்த படிகத் தகடுகள் பயன்படுகின்றன. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் மின்புலத்தால் அதைத் திருப்ப முடியாது. வில்லைகளும் அதிகம் உதவுவதில்லை. பெரும்பாலான பொருள்களில் வெப்ப நியூட்ரானுக்கான விலகல் எண் 1-இலிருந்து லட்சத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மாறுபடும். பெரிய கோணத்தில் திருப்பிக் குவிக்க, படிகத்தின் அணுத்தளங்களில் நிகழும் விளிம்பு விளைவே நம்பகமான வழி.

நியூட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்பதைப் படிகங்களைக் கொண்டு 1936-இல் ஹால்பன், பிரைஸ்வெர்க் ஆகியோரும், தனியே மிட்செல், பவர்ஸ் ஆகியோரும் காட்டினர். நொடிக்கு 2,200 மீட்டர் வேகத்தில் செல்லும் நியூட்ரானின் அலைநீளம் சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம். சிலிக்கானில் 111 எனக் குறிக்கப்படும் அணுத்தளங்களுக்கு இடையிலான தொலைவு 3.135 ஆங்ஸ்ட்ராம். அலைநீளத்தையும் தள இடைவெளியையும் எதிரொளிப்புக் கோணத்தோடு இணைக்கும் பிராக் விதிப்படி இந்த நியூட்ரான், தளத்தோடு 16.7 பாகைக் கோணத்தில் வந்தால் மட்டுமே வலுவாக எதிரொளிக்கும்.

இந்த ‘மட்டுமே’தான் சிக்கல். குறையற்ற தட்டைச் சிலிக்கான், ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வரிசையிலான கோண இடைவெளியில்தான் ஓர் அலைநீளத்தை எதிரொளிக்கிறது. உலையின் கற்றையோ அதைவிடப் பல மடங்கு விரிந்தது. எனவே பெரும்பாலான நியூட்ரான்கள் பயன்படாமல் போகும். சற்றே சாய்ந்த நுண்படிகங்களால் ஆன மொசைக் படிகம் ஒரு தீர்வு. கிராஃபைட்டும் செம்பும் இவ்வாறே பயன்படுகின்றன. ஆனால் அச்சாய்வுகள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதால் கற்றை கலைகிறது.

குறையற்ற படிகத்தை மீட்சி எல்லைக்குள் வளைப்பது இதைவிட நேர்த்தியான தீர்வு. வளைந்த தகட்டில் அணுத்தளங்களின் சாய்வு இடத்துக்கு இடம் ஒழுங்காக மாறுகிறது. தள இடைவெளியும் தடிமன் நெடுக மெல்ல மாறுகிறது. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கானைச் சுமார் 10 மீட்டர் ஆரத்தில் வளைத்தால், உள்ளே ஊடுருவும் நியூட்ரான் சந்திக்கும் தளச் சாய்வு மட்டுமே ஏறத்தாழ 0.07 பாகை மாறும். ஏற்கும் கோணம் பல மடங்கு விரிகிறது. அதே வேளையில் எந்த இடத்தில் எந்த அலைநீளம் எதிரொளிக்கும் என்பதும் கணக்கிடக்கூடியதாகவே இருக்கிறது.

இப்படி வளைப்பதற்கான வடிவியல், எக்ஸ் கதிர் ஆய்விலிருந்து வந்தது. மூலமும் குவியமும் அமையும் வட்டத்தின் ஆரத்தைப்போல் இரு மடங்கு ஆரத்தில் வளைத்த படிகத்தை யோகான் 1931-இல் விவரித்தார். அதன் பரப்பையும் வட்டத்தோடு பொருந்தத் தேய்க்கும் முறையை யோஹான்சன் 1933-இல் தந்தார். நியூட்ரான் கருவியில் மூலம், படிகத்துக்கு 6 மீட்டரிலும் மாதிரி 2 மீட்டரிலும் இருக்கட்டும். இரு தூரங்களின் பெருக்கத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து இரட்டித்தால் 3 மீட்டர் வரும். கிடைத்தளத்தில் குவிக்க இதைப் பிராக் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். மேற்கண்ட சிலிக்கானுக்கு ஆரம் சுமார் 10.4 மீட்டர். செங்குத்தாகக் குவிக்க அதே சைனால் பெருக்க வேண்டும், ஆரம் 0.86 மீட்டராகச் சுருங்கும். அந்த அளவு வளைவைத் தடித்த சிலிக்கான் தாங்காது, உடைந்துவிடும். ஆகவே செங்குத்துக் குவிப்புக்குப் படிகத்தைச் சிறு பட்டைகளாக்கி ஒவ்வொன்றையும் வெவ்வேறு கோணத்தில் சாய்த்து அடுக்குகின்றனர்.

குவித்தல் என்பது நியூட்ரான்களைப் புதிதாக உண்டாக்குவதல்ல. லியூவில் தேற்றப்படி இடம், திசை, வேகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வெளியில் கற்றையின் அடர்த்தி உயராது. மாதிரிமேல் பரப்பு சுருங்கினால் கோண விரிவு கூடும். ஆய்வாளர் எதை இழக்கத் தயார் என்பதே வடிவமைப்பின் முதல் கேள்வி. வளைந்த படிகத்தின் உண்மையான வலிமையும் இங்கேதான்: திசையும் அலைநீளமும் பிணைந்திருப்பதால், வளைவு ஆரத்தைச் சரியாகத் தேர்ந்தால் கோண விரிவு மிகுந்தாலும் குறிப்பிட்ட சிதறல் கோணத்தில் முகடுகள் கூர்மையாகவே நிற்கின்றன.

பிராகாவை அடுத்த ரேஷ் அணு இயற்பியல் நிறுவனத்தில் மிகுலா, குல்டா ஆகியோர் 1980-களில் இத்துறையை வளர்த்தனர். சிலிக்கானின் 111 தளங்களில், இரண்டாம் வரிசை எதிரொளிப்பான 222 அநேகமாக இல்லாததால் பாதி அலைநீளமுள்ள நியூட்ரான்களின் கலப்படமும் குறைகிறது. கிரனோபிளின் லாவ்-லாங்கவின் நிறுவனத்தில் ஐஎன்20, சால்சா கருவிகள் வளைந்த சிலிக்கானைக் கையாள்கின்றன. சால்சாவில் பற்றவைப்பு இணைப்புகள் போன்ற பொறியியல் பாகங்களுக்குள் எஞ்சிய தகைவு, அவற்றை வெட்டாமலே அளக்கப்படுகிறது.