மேகத்துக்குள் பறக்க யாருடைய கையெழுத்து செல்லும்?

ஹைடல்பெர்குக்குத் தெற்கே, ரைன் சமவெளியில் இருக்கிறது வால்டோர்ஃப். எஸ்ஏபி நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால் நம்மூர்ப் பொறியாளர்கள் பலருக்கும் பழகிய பெயர். இலையுதிர் காலம் பிறந்தால் அந்தச் சமவெளியில் மூடுபனி நாள்கணக்கில் கவிந்து நிற்கும். பக்கத்து மன்ஹைம், ஷ்பையர் தளங்களில் சிறு விமானம் வைத்திருப்பவருக்கு அப்போது இரண்டே வழி. தரையில் காத்திருக்கலாம், அல்லது கண்ணை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியைப் பெறலாம். விமானிகள் அதை ஐஆர் என்பார்கள்.

வெளிநாட்டில் வாங்கிய ஐஆர் ஜெர்மனியில் செல்லுமா? 20 ஆண்டுகளுக்குள் இந்தக் கேள்விக்கான விடை பலமுறை மாறியிருக்கிறது. மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும்: விமானியின் திறமையைவிட, யாருடைய கையெழுத்து செல்லும் என்பதே பெரும்பாலும் வழக்காக இருந்திருக்கிறது.

மேகத்துக்குள் பறப்பது ஒரு காலத்தில் வித்தையாகவே கருதப்பட்டது. 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் நியூயார்க்கை ஒட்டிய மிட்செல் ஃபீல்டில் மூடிய அறைக்குள் அமர்ந்து, கருவிகளை மட்டும் பார்த்தே விமானத்தை எழுப்பி, சுற்றி, இறக்கிக் காட்டினார். வித்தை பின்னர் பாடமானது, பாடம் உரிமமானது. 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டின் உரிமமே அதன் விமானிக்கு வேண்டும் என்றது. அதே பிரிவு, தன் குடிமக்கள் பிற நாட்டில் பெற்ற உரிமத்தைத் தன் வானில் ஏற்க மறுக்கும் உரிமையையும் ஒவ்வொரு நாட்டுக்கும் கொடுத்தது. பின்னாளைய சிக்கலுக்கெல்லாம் விதை இங்கேதான் இருக்கிறது.

ஐரோப்பியத் தனியார் விமானிகள் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க அறக்கட்டளை ஒன்றின் பெயரில் விமானத்தை வாங்கினால் அதன் பதிவெண் 'என்' எழுத்தில் தொடங்கும்; அமெரிக்க ஐஆர் போதும். பறப்பதோ ஜெர்மன் வானில்! சட்டத்தின் சொற்படி இதில் பிழையில்லை. ஏன் இந்தச் சுற்றுவழி? அமெரிக்காவில் 60 கேள்விகள் கொண்ட ஒரே எழுத்துத் தேர்வு. 40 மணி நேரக் கருவிப் பறப்பு. தகுதியைத் தக்கவைக்கத் தேர்வாளர் முன் ஆண்டுதோறும் நிற்க வேண்டியதில்லை. கடந்த 6 மாதங்களில் 6 கருவிவழி அணுகல்களும், காத்திருப்புச் சுற்றுகளும் செய்திருந்தால் போதும். ஐரோப்பிய வழியிலோ ஏழு பாடங்களில் தேர்வு, ஒற்றை இயந்திர விமானத்துக்கே 50 மணி நேரப் பயிற்சி, பிறகு ஆண்டுக்கொரு சோதனை. அலுவலகம் முடிந்து வந்து படிக்கும் ஒரு பொறியாளருக்கு அந்தப் பாடத்திட்டம் வானூர்தி நிறுவன விமானிக்காகத் தைத்த சட்டை. ஆளுக்குப் பொருந்தவே இல்லை.

ஜெர்மனி 2003இல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு விமான விதிகளான ஜேஏஆரை ஏற்றது. அவற்றை வகுத்த ஜேஏஏ அமைப்பு 2009இல் கலைந்தது. அதன் இடத்துக்குக் கொலோனில் அமர்ந்திருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசா வந்தது. வேறுபாடு பெரியது: ஜேஏஏ பரிந்துரைத்தது, ஈயாசா வரைவதோ ஐரோப்பியச் சட்டமாகிறது. 2011 நவம்பரில் வெளியான 1178 எண் ஒழுங்குமுறை, ஐரோப்பாவிலிருந்து விமானத்தை இயக்குவோர் அது எந்த நாட்டுப் பதிவாக இருந்தாலும் ஐரோப்பிய உரிமமும் வைத்திருக்க வேண்டும் என்றது. 'என்' பதிவு விமானத்தின் சுற்றுவழி ஒரே அடியில் அடைபட்டது.

அடைபட்டது காகிதத்தில்தான். வணிக நோக்கமற்ற பறப்புக்கு 2014 ஏப்ரல் 8 வரை விலக்கு தர உறுப்பு நாடுகளுக்கு அனுமதி இருந்தது. அந்தத் தேதி நெருங்கியதும் நீட்டிப்பு; அடுத்தது நெருங்கியதும் மறுபடி நீட்டிப்பு. இப்படியே 2022 வரை இழுத்தார்கள். கெடுவை நம்பிப் பணம் செலவழித்து மாற்றிக்கொண்டவர் ஏமாந்தார். சும்மா இருந்தவர் பிழைத்தார். ஒரு பாதுகாப்பு விதிக்கு இதைவிட மோசமான பெயர் வாங்கித் தர முடியாது.

உண்மையான திருப்பம் கெடுக்களில் இல்லை. 2014 மார்ச்சில் வந்த 245 எண் திருத்தத்தில் இருக்கிறது. திறனை அடிப்படையாகக் கொண்ட ஐஆர் என்ற புதிய வழியை அது திறந்தது. பயிற்சி 40 மணி நேரமாகக் குறைந்தது. முன்பு பறந்த அனுபவமும் கணக்கில் சேர்ந்தது. அயல்நாட்டு ஐஆர் உள்ளவருக்கு அதில் தனிப் பத்தியே உண்டு. விமானத் தலைவராக 50 மணி நேரம் கருவி விதிகளின்படி பறந்திருந்தால் பயிற்சி வகுப்பு முழுவதும் கழிந்துவிடும். வான்சட்டம், வானிலை, பறப்புத் திட்டம் ஆகியவற்றில் உள்ள அறிவைத் திறன் தேர்வின்போதே தேர்வாளரிடம் வாய்மொழியாகக் காட்டினால் போதும். ஏழு தாள்கள் மறைந்தன. இந்த 50 மணி நேர விதி நல்ல விதி. பள்ளியில் எத்தனை நாள் அமர்ந்தாய் என்று கேட்காமல், மேகத்துக்குள் எத்தனை மணி நேரம் பறந்தாய் என்று கேட்கிறது.

2021இல் மேலும் இரண்டு கதவுகள் திறந்தன. தனியார் உரிமங்களையும் ஐஆரையும் மாற்றிக்கொள்ள அமெரிக்காவுடன் செய்த நடைமுறை உடன்பாடு மே மாதத்தில் அமலானது. குறைந்தபட்ச மணிக்கணக்கே இல்லாத அடிப்படை ஐஆர் செப்டம்பரில் வந்தது.

இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ வழங்கிய ஐஆருடன் வால்டோர்ஃபில் குடியேறும் ஒருவருக்கு அமெரிக்க உடன்பாட்டால் பயனில்லை, 2014இன் வழிதான். முதலில் ஐரோப்பியத் தனியார் உரிமம் வேண்டும். அதற்கு 100 மணி நேரப் பறப்பு அனுபவம், மருத்துவச் சான்று, வான்சட்டத்திலும் மனிதச் செயல்திறனிலும் எழுத்துத் தேர்வு, திறன் தேர்வு ஆகியவை தேவை. கருவிப் பறப்புக்கான வானொலிச் சான்றான ஏஇசட்எஃப் தனி. பின்னணிச் சோதனையும் உண்டு: 2003 ஜனவரியில் ஒருவர் சிறு விமானத்தைக் கடத்திக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட் வானில் வட்டமிட்டதைத் தொடர்ந்து வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஐஆர் சேர்ந்த உரிமத்தைத் தருவது பிரவுன்ஷ்வைக்கில் உள்ள மத்திய வான்போக்குவரத்து அலுவலகம்.

பெட்டி கட்டும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று. செல்லுபடியாகும் அயல்நாட்டு ஐஆருக்குத்தான் இந்தச் சலுகை. இந்திய ஐஆரின் புதுப்பிப்பை ஊரிலேயே முடித்துக்கொண்டு, 50 மணி நேரத்தையும் பதிவேட்டில் தெளிவாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.