பட்டா ஒரு ஆபீசில், பத்திரம் இன்னொரு ஆபீசில்: ஏன் இப்படி?



உங்களில் பலர் இப்போது வீடு வாங்கும் வயதுக்கு வந்துவிட்டீர்கள். அடிக்கடி யாராவது போன் செய்து கேட்கிறீர்கள். "சார், விற்கிறவர் பேரில் பட்டா இருக்கு, போதாதா?" "பத்திரம் பதிஞ்சாச்சுன்னா வீடு நம்மளுதுதானே?" "வக்கீல் எதுக்கு 30 வருஷ வில்லங்கம் கேட்கிறார்?" இந்த மூன்றுக்கும் பதில் நம் ஊர் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. நிதானமாகப் படியுங்கள்.

நிலம் விற்றால் எழுதி வைக்கும் வழக்கம் வெள்ளைக்காரர் கொண்டுவந்ததல்ல. சோழர் காலக் கோயில் சுவர்களில் நில விற்பனை பற்றிய கல்வெட்டுகள் ஏராளம். விற்றவர் யார், வாங்கியவர் யார், நான்கு பக்க எல்லை எது என்று அவை வரிசையாகச் சொல்லும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்தே விற்றதாகச் சொல்லும். ஆவணங்களை வைத்து நடக்கும் இடத்துக்கு 'ஆவணக்களரி' என்றே பெயர் இருந்தது. இன்று உங்கள் கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதே நான்கெல்லை, அதே மரம், கிணறு எல்லாம் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் இருக்கும்.

மூலம் எது, நகல் எது என்ற வழக்கும் பழையதுதான். பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர் ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார், சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்கிறார்கள். சேக்கிழார் இதைப் பாடியது 12ஆம் நூற்றாண்டில். ஜெராக்ஸைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கும் பிள்ளைகள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி பட்டாவுக்கு வருவோம். 1790களில் கம்பெனி ஆட்சி பாரமகால் பகுதியைக் கைப்பற்றியது. இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அது. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிற குடியானவரிடமே நேராக வரி வாங்கினார்கள். ரயத்துவாரி முறை இப்படி வளர்ந்ததுதான். யார் எவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டே பட்டா. சர்க்காருக்கு வேண்டியது வரி கட்டும் ஆளின் பெயர். அந்த ஆளின் தங்கைக்குப் பங்கு உண்டா என்பது தாசில்தாரின் கவலை அல்ல. பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகாது என்று நீதிமன்றங்கள் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது.

பத்திரப் பதிவு வேறு வழியில் வந்தது. இந்தியா முழுமைக்குமான பதிவுச் சட்டம் 1864இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிந்தே ஆக வேண்டும். ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பதையும், முன்தேதி போட்டுப் பத்திரம் தயாரிப்பதையும் இது பெருமளவு கட்டுப்படுத்தியது. ஆனால் அங்கே பதிவாவது நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட பத்திரம். விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் 1858இல் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். அங்கே அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. நமக்கு அது வாய்க்கவில்லை. வரிக்காக ஒரு துறை, பத்திரத்துக்காக ஒரு துறை என்று தனித்தனியாக வளர்ந்தன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாங்குகிறவர்தான் தன் செலவில் அடைக்க வேண்டும்.

அந்த இடைவெளியில் விழுந்த ஒருவரைச் சொல்கிறேன். என்னிடம் படித்தவர், பெயர் வேண்டாம். தகப்பனார் காலமான பிறகு பட்டா மூத்த மகன் பெயருக்கு மட்டும் மாறியிருந்த ஒரு வீட்டை வாங்கினார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? ஒருவர் இறந்து வாரிசுகளுக்குச் சொத்து இறங்குவது பதிவு ஆபீசுக்கே வராதே! உயில் எழுதாமல் போன தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. இரண்டு ஆண்டு கழித்துச் சகோதரிகள் இருவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. கடைசியில் அவர்களுக்கும் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். மகளின் கல்லூரிப் படிப்புக்கு வைத்திருந்த பணம் அது.

சரி, 30 வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? முக்கியமான ஒரு காரணம் காலவரையறைச் சட்டம். அடமானம் வைத்த சொத்தை மீட்க வழக்குப் போட 1963ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கெடு 30 ஆண்டு. அதற்கு முன்பு 60 ஆண்டாக இருந்தது. 25 வருஷத்துக்கு முந்தைய அடமானமும் இன்று உயிரோடு எழுந்து வரலாம். வக்கீல் உங்களை அலைய வைக்கவில்லை அப்பா, அந்தக் கெடுவை எண்ணுகிறார்.

ஆகவே, வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை விட்டுப்போகாத தொடர். அசலைக் கண்ணால் பாருங்கள்.

2. யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று. அதில் உள்ள எல்லோரும், மணமாகிப்போன பெண்கள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும்.

3. பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு "வீடு வாங்கிவிட்டேன்" என்று இருக்காதீர்கள். அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

4. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியில் பல ஊர்களில் பெயரும் பரப்பளவும் தவறாக ஏறின. பத்திரத்து அளவும் பட்டா அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

5. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம் தனியாக வேண்டும். இதை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதாதீர்கள்.

பதிவு முடிந்த கையோடு பட்டா உங்கள் பெயருக்கு மாறியதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஆபீசிலும் உங்கள் பெயர் ஏறினால்தான் வேலை முடிந்தது.

வீடு பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதை அனுப்புங்கள். கிரகப்பிரவேசத்துக்கு மறக்காமல் கூப்பிடுங்கள், வருகிறேன்.