தொற்றுக்காலமும் படுவான்கரைக் கத்தோலிக்கரின் ஆலய வழிபாடும்

சமய வரலாற்றினை ஆராய்வோர் ஆலயங்கள் எழுந்த ஆண்டுகளைக் கணிப்பதிற் காட்டும் கவனத்தை, அவை மூடப்பட்ட நாட்களிற் காட்டுவதில்லை. ஆயினும், ஒரு சமூகத்தின் வழிபாடு எதில் வேரூன்றியுள்ளது என்பதனை அந்நாட்களும் அவற்றைத் தொடர்ந்த மீள்வருகையுமே தெளிவாக உணர்த்துகின்றன. மட்டக்களப்புக் கத்தோலிக்கரின் அண்மைக்கால அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் அமைந்தமையாற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பிற்கு வவுணதீவு வாயிலாக விளங்குகின்றது. வலையிறவுப் பாலம் இதனை நகருடன் இணைக்கின்றது. இதற்கு மேற்கே ஆயித்தியமலைச் சதாசகாய மாதா திருத்தலம் உள்ளது. செப்டெம்பர்த் தொடக்கத்தில் நிகழும் அதன் திருவிழாவுக்கு யாத்திரிகர் கால்நடையாகவும் செல்வது வழக்கம்.

இப்பாதை தடைப்பட்டது தொற்றுக்காலத்தில் மட்டுமன்று. 2007ஆம் ஆண்டு வரை, போர்க்காலத்தின் நீண்ட பகுதியில், வாவியே இரு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களிற் குண்டுகள் வெடித்தபின், நாடெங்கும் கத்தோலிக்கரின் ஞாயிறு திருப்பலிகள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. அவ்வச்சம் முற்றாகத் தணியுமுன்னரே 2020 மார்ச்சில் ஊரடங்கு பிறந்தது. ஏப்ரல் 12இல் வந்த உயிர்த்த ஞாயிற்றை மக்கள் இல்லங்களிலிருந்தே அனுட்டித்தனர். 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நிலவிய ஊரடங்கினுள் ஆயித்தியமலைத் திருவிழாக் காலமும் அடங்கிற்று. கட்டுப்பாடுகள் தளர்ந்த 2022இலோ எரிபொருட் பஞ்சம் வாகனங்களை முடக்கியது. ஆலயக் கதவு திறந்திருந்தும், தொலைவிலுள்ளோருக்கு அதனை அடைதல் அரிதாயிற்று.

2020 செப்டெம்பரில் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட மடல், ஒளிபரப்பப்படும் திருப்பலி நேரிற் பங்குகொள்வதற்கு ஈடாகாதென வலியுறுத்திற்று. நற்கருணையை உட்கொள்ளல் திரைவழியே இயலாது என்பது இதற்குரிய இறையியற் காரணமாகும். படுவான்கரையை நோக்குமிடத்து இதற்குச் சமூகக் காரணமும் உண்டு. திரை பூசையைக் காட்டவல்லது. பாலத்தைக் கடந்து, வயல்வெளியூடே அயலாருடன் கூடி நடக்கும் யாத்திரையைத் தரவல்லதன்று.

எனவே, மீள்வருகையை ஆசனங்களில் அமர்ந்தோரின் தொகையால் மாத்திரம் அளத்தல் பொருந்தாது. போர், குண்டு, நோய், பஞ்சம் எனத் தடைகள் ஒவ்வொன்றாக வந்தபோது அறுபட்டது மக்களின் கூட்டுறவேயாகும். அதனை மீண்டும் பிணைத்தலே ஆலயம் திரும்புதலின் உண்மைப் பொருள் எனலாம்.