ரேகையும் கடுதாசியும்

எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் விட்டத்திலிருந்து வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கடுதாசியைப் படித்ததும் அதில் குத்திவிடுவார்கள். வீட்டை இடித்துக் காரை வீடு கட்டும்போது கம்பி பழைய பேப்பர்க்காரருக்கோ அடுப்புக்கோ போகிறது. ‘அதுல என்னய்யா இருக்கு? மாடு கன்னு போட்டது, மழ பேஞ்சது, அதானே’ என்பார்கள். இந்த ‘என்ன இருக்கு’ என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காரணம், இந்த வட்டாரத்தில் காகிதத்துக்கென்று ஒரு வரலாறு உண்டு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டபோது சனங்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். பெயரைப் பதிந்து விரல் ரேகை எடுத்தார்கள். ராத்திரியில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வைத்தார்கள். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆக, ஒரு தலைமுறைக்கு மேல் இங்குக் காகிதம் என்பது அரசிடமிருந்து மனிதனை நோக்கி வந்த ஒன்று. ஆவணக் காப்பகத்தில் இன்று இவர்களைத் தேடினால் குற்றவாளிகளாகத்தான் கிடைப்பார்கள். ரணஜித் குகா 1983-இல் எழுதிய ‘எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை’ என்ற கட்டுரை சொல்வதும் இதுதான்: அதிகாரியின் பிரதிக்குள் கலகக்காரனைக் கண்டெடுக்க வேண்டுமானால் அதைத் தலைகீழாகத்தான் வாசிக்க வேண்டும்.

தலைகீழாக வாசிக்க வேண்டியிராத பிரதி ஏதும் இல்லையா? இருக்கிறது. அது கம்பியில் தொங்கிற்று. இதில் முரண் ஒன்றையும் கவனிக்க வேண்டும். ரேகை எடுத்த அதே நிர்வாகம்தான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளையும் திறந்தது. அப்பன் கட்டைவிரலில் மை; மகன் கையில் பேனா. அந்த மகன் பட்டாளத்துக்கோ மில்லுக்கோ வாத்தியார் வேலைக்கோ போனபிறகு ஊருக்கும் அவனுக்கும் இடையே ஓடியது அஞ்சலட்டையும் இன்லண்டு கடுதாசியும். கிணற்றில் தண்ணி எத்தனை முழம், சோளத்துக்கு என்ன விலை, உழவுமாட்டில் ஒன்றை ஏன் விற்க நேர்ந்தது, வட்டி எவ்வளவு ஏறிற்று. 1895-இல் பெரியாற்றுத் தண்ணி கீழே மதுரை, மேலூர் வயல்களுக்குப் பாய்ந்தது. இந்த மேட்டுக்கு ஏறவில்லை. இங்கே மழையைப் பற்றி எழுதுவது நலம் விசாரிப்பதன் மறுபெயர். அடங்கலில் பயிரும் பரப்பும் கிடைக்கும்; மாட்டை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்று ஒரு வீடு ராத்திரி முழுக்கப் பேசியது கிடைக்காது. ரேகைப் பதிவேட்டில் இருந்த அதே ஆள் இங்கே சம்சாரியாக நிற்கிறான்.

உலகில் இதை முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். தாமஸும் ஸ்னானியெக்கியும் 1918-20 ஆண்டுகளில் வெளியிட்ட போலந்துக் குடியானவர் பற்றிய ஐந்து தொகுதிகள், அமெரிக்கா போனவர்களுக்கும் ஊரில் இருந்தவர்களுக்கும் இடையிலான கடிதங்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டவை. வணக்கமும் விசாரிப்பும் மட்டுமே நிறைந்த கடிதத்தை அவர்கள் வெற்றுச் சடங்கு என்று தள்ளவில்லை. பிரிந்து கிடக்கும் குடும்பம் தன்னைக் குடும்பமாகத் தக்கவைத்துக்கொள்ளும் செயல் அது என்றார்கள். நம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதையும், அடியில் வரிசையாக வரும் அத்தை, சித்தப்பன், மச்சான் பெயர்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். யார் பெயர் விடுபட்டது என்பதும் செய்திதான்.

ஆனால் கம்பியைப் புனிதப்படுத்திவிடக் கூடாது. ஆத்தா சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பையன் எழுதினான். அவள் சொன்னதில் எதை விட்டான்? நிலம் இருந்த வீட்டில் கடுதாசி தங்கிற்று. அந்த நிலத்தில் களை எடுத்த, பிணை ஓட்டிய தலித் குடும்பங்கள் அதில் கூலிக் கணக்காக மட்டுமே வரக்கூடும். மூலையில் மஞ்சள் தடவியது பத்திரமாக இருக்கும்; சாவுச் செய்தியைப் படித்த கையோடு கிழித்துப் போடுவது வழக்கம். ஆகவே கம்பியும் ஒரு தேர்வுதான், அதற்கும் மௌனங்கள் உண்டு. ரேகைப் பதிவேட்டை எவ்வளவு சந்தேகத்தோடு வாசிக்கிறோமோ அவ்வளவு சந்தேகம் இங்கும் தேவை.

பாதுகாப்பது எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் வேளாண்மை ஆவணங்களையும் படமெடுத்துச் சேர்த்திருக்கிறது. அந்தத் திட்டத்தில் மூலம் நாட்டைவிட்டுப் போவதில்லை. கடுதாசிக்கும் இது பொருந்தும்: படம் பொதுவுக்கு, மூலம் வீட்டுக்கு. லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். கம்பியில் இருந்த வரிசையைக் கலைக்கும் முன் பென்சிலால் எண் போடுங்கள். மேலுறையைத் தூக்கி எறியாதீர்கள், தபால் முத்திரையில்தான் தேதி இருக்கிறது. கடன், பங்காளித் தகராறு, பெண் விஷயம் எல்லாம் இதில் வரும். வீட்டார் சம்மதமின்றி வெளியிட்டால் நாமும் ரேகை எடுத்தவர்களாகிவிடுவோம்.

அதைவிட அவசரமானது ஒன்று. ‘மேக்காட்டுக் கிணறு’ எது, ‘பெரியவன்’ என்றது யாரை, அந்தச் செவலைக் காளையை யாரிடம் வாங்கினார்கள் என்பது காகிதத்தில் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கடுதாசியை அவர்கள் முன் சத்தமாகப் படியுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.